நெட்வேர்க்கில் எழும்பிய பெயர்

நோர்வேயில் நான் வேலைசெய்யும் கந்தோரில் கணினிகளுக்கு மீன்களின் பெயர்களை வைக்கிறார்கள். மன்னார்க் கரையோரம் ஓலைத்தொடுவாயில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது இன்றைக்கும் வேடிக்கைதான். காலையில் போனதும் எந்த மீனுக்குச் சுகமில்லை என்று பார்ப்பதே என் உத்தியோகம். போன நவம்பருக்குச் சற்று முன்னர், புதிதாக வந்த யூனிக்ஸ் கணினியொன்றை நெட்வேர்க் வழியாக நிறுவ வேண்டியிருந்தது. அதற்குள் ஒன்றுமே இராது. எழும்பியதும், தான் யாரென்று நெட்வேர்க் முழுக்கக் கேட்கும். சேர்வர் அதன் நெட்வேர்க் அட்டையின் எண்ணைப் பார்த்துப் பெயரைச் சொல்லி, மென்பொருளையும் அனுப்பிவைக்கும். அன்றைக்கு நிறுவல் பாதியிலேயே நின்றது. கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், ஒன்றும் சரிவரவில்லை. விசர் பிடித்துப்போய்த் திரையை உற்றுப் பார்த்தால், அங்கே 'தொர்ஷ்க்' என்ற பெயர்; கொட் மீனுக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத் திக்கென்றது. தொர்ஷ்க், பழுதாகி நானே குப்பைக்கு அனுப்பிய கணினி!

காரணம் பிறகுதான் விளங்கியது. தொர்ஷ்கிலிருந்து கழற்றி வைத்திருந்த அட்டையை யாரோ புதியதில் பொருத்தியிருக்கிறார்கள். எண்ணைக் கண்ட சேர்வர், பழைய ஆள் வந்துவிட்டான் என்று பழைய பெயரையும் பொருந்தாத பழைய மென்பொருளையும் கொடுத்திருக்கிறது. பக்கத்து மேசை இங்ரிட் எட்டிப் பார்த்து, "அதுதான் செத்துவிட்டதே, பெயரை அழி" என்றாள். இவ்வளவு காலமும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சேர்வர் காத்திருந்ததே என்று நினைத்தேன். என் கை தயங்கியதும், கட்டளை மறந்துபோயிற்று என்று நினைத்து அவளே தட்டி அழித்தாள். புதுப் பெயரோடு கணினி ஒரு குறையுமில்லாமல் எழும்பியது. ஒரு பெயரை அழிப்பது இவ்வளவு சுலபமா என்று நான் பயந்துபோனேன்.

யுத்த காலத்தில் மன்னார்ச் சந்தைக்கு மீன் கொண்டுபோன என் அண்ணன் ஜெராட் திரும்பி வரவேயில்லை. நவம்பர் இரண்டாம் திகதி, ஆத்துமாக்கள் திருநாளில், எங்கள் ஊர்ச் சேமக்காலையில் கல்லறைகளின் நடுவே பூசை நடக்கும். குடும்பங்கள் கொடுக்கும் இறந்தவர்களின் பெயர்களைப் பாதர் வாசிப்பார். அப்பாவின் பெயர் வருடாவருடம் போகும். அண்ணனின் பெயரைக் கொடுக்க அம்மா ஒருநாளும் விட்டதில்லை. இந்தமுறை கொடுக்கப்போவதாகச் சொன்ன அக்கா, என் சம்மதத்துக்காகக் காத்திருந்தா. இங்ரிட் பெயரை அழித்த அன்று, கந்தோரால் வந்ததும் அக்காவை அழைத்தேன்.

"அக்கா, அண்ணான்ர பேரைக் குடுக்காதேங்கோ."

"நீ அங்க இருந்துகொண்டு லேசாச் சொல்லுவாய். இஞ்ச அம்மா ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறா. விடிய எடுத்துக் கொட்டுறது நான். எனக்கு ஏலாமக் கிடக்கு, தம்பி."

"அம்மா இருக்குமட்டும் வேண்டாம் அக்கா."

அக்கா அழத் தொடங்கினா. "சரி, குடுக்கேல்லை" என்று வைத்துவிட்டா.

திருநாளன்று மத்தியானம் இங்குள்ள சேமக்காலைக்குப் போனேன். தூரதேசத்தில் புதைக்கப்பட்டவர்களுக்கென்று அங்கே ஒரு பொதுக்கல் இருக்கிறது. கடையில் மெழுகுதிரிகளைச் சோடியாகத்தான் விற்றார்கள். ஒன்றை அப்பாவுக்குக் கொளுத்தினேன். மற்றதைக் கொளுத்தாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெண்மணி, "அது யாருக்கு?" என்று கேட்டார்.

"அண்ணனுக்கு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

பாவம், என்னிடம் நெருப்புக்குச்சி முடிந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். தன் லைற்றரால் திரியைப் பற்றவைத்து, என் கையிலிருந்து வாங்கிக் கல்லடியில் வைத்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த நேரம் ஊரில், அண்ணனின் பெயர் இல்லாமலே பூசை நடந்துகொண்டிருந்திருக்கும். அங்கே அவன் இன்னும் சாகவில்லை. இங்கே அவனுக்காக எரிகிற திரியை ஊதி அணைக்க எனக்கு மனம் வரவில்லை.