குப்பாயி அண்ணியின் கொடுவாள்

போளூர் சந்தையில் உட்கார்ந்திருந்தேன். மலையிலிருந்து தேன் கொண்டுவந்தவர் என்னைத் தேடிப் பிடித்து, "உங்க அண்ணி செத்துப் பூட்டாங்க" என்றார். கூடையை அப்படியே போட்டுவிட்டு மலையேறினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், நினைவு கோணாது.

குப்பாயி அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணனைவிட அரையடி உயரம். கல்யாணத்தன்று நான் கேலி செய்தபோது, "உங்க அண்ணனுக்கு ஏணி வாங்கற செலவு மிச்சம்மே" என்றார்கள்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு உப்பும் துணியும் கொடுத்தது கடுக்காய்த் தோப்புதான். ஒரு மரத்தில் ஒருவர் புல் முடிச்சுக் கட்டிவிட்டால் அது அவருடையது, வேறு யாரும் தொடமாட்டார்கள். அந்தக் காயில் தோல் பதமாகி, வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு பூட்ஸ் ஆகுமாம். பூட்ஸை நாங்கள் பார்த்ததில்லை. பிறகு பார்த்தோம், அண்ணனின் விலாவின் மேல்.

வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை வந்தது. பெட்ரோல் எல்லாம் அதற்குப் போய்விட்டதால் பஸ் ஓடக் கரி வேண்டும், தோப்பை வெட்டிக் கரி சுட உத்தரவு என்று காட்டிலாகா கார்டு வந்து சொன்னான். அண்ணி பதறவில்லை. பெண்களைக் கூட்டிப்போய் ஒரு மரம் விடாமல் முடிச்சுக் கட்டினார்கள். நானும் கட்டினேன். "முடிச்சப் பாத்தப்புறம் எவன் வெட்டுவான்? அவனும் மனுசன்தானே" என்றார்கள். எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கையில்தான் அண்ணன் வெறுங்கையோடு முதல் மரத்தடியில் போய் நின்றார்.

கீழிருந்து வந்த கூலிகளுக்கு முடிச்சு என்னவென்றே தெரியவில்லை. குதிரைமேல் இருந்த துரை ஏதோ சொன்னான். கார்டு துப்பாக்கிக் கட்டையால் அண்ணனின் முகத்தில் இடித்தான். விழுந்தவரை மிதித்து மிதித்து விலாவை நொறுக்கினான். வாயில் ரத்தம் கட்டி கட்டியாக வந்தது. அண்ணி கொடுவாளோடு பாய்ந்தார்கள். ஒரே வெட்டு. துப்பாக்கியைப் பிடித்தபடியே அவன் கை மணிக்கட்டோடு கீழே விழுந்தது.

பொழுது சாய்வதற்குள் அண்ணன் செத்தார். போலீஸ் வந்து வீடுகளைக் கொளுத்தியது. அண்ணி ஒளிந்திருந்த குகையைக் காட்டிக்கொடுத்தவன் எங்கள் ஊர்ப் பெரியதனக்காரன். பேரன் பேத்தி எடுத்த இந்த வயதிலும் அவன் வீட்டுத் தண்ணீர் எனக்கு ஆகாது.

வேலூர் ஜெயிலில் அண்ணிக்கு நாலு வருடம். பார்க்கப் போகும்போதெல்லாம், "தோப்பு எப்படிம்மே கீது?" என்று கேட்பார்கள். "அப்படியே கீது அண்ணி" என்பேன். போலீஸ் அடித்து உடைத்த அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது? அங்கே கரிச்சூளைதான் புகைந்துகொண்டிருந்தது.

விடுதலையாகி வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே தோப்புக்குப் போனார்கள். கரிந்த மொட்டை மேட்டில் வெகுநேரம் நின்றார்கள். பிறகு என்னிடம் வந்து, "பெரியதனக்காரன் என்னைப் புடிச்சுக் குடுத்தான். நீ நாலு வருசம் ஏமாத்தின. ரெண்டு பேரும் என் வூட்டுப் பக்கம் வராதீங்க" என்றார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடக்கத்தின்போது அந்தப் பெரியதனக்காரன் குழியில் போட மண் அள்ளினான். அவன் கையைத் தட்டிவிட்டேன். என் கையிலும் மண் இருந்தது. அண்ணி சொன்னது ரெண்டு பேருக்கும்தானே. அதையும் கீழே உதறினேன். மற்றப் பெண்கள்தான் மூடினார்கள்.

அதற்கப்புறம் தூரத்தில் போய்த்தான் நின்றேன் அண்ணி, கிட்டே வரவில்லை. நிம்மதியாகப் படுங்கள்.