கண்ட்ரோல் வராத ரிப்போர்ட்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து லேப் திறந்த காலை. விடுமுறைக்கு முன் எடுத்து ஃப்ரீசரில் வைத்திருந்த முருகேசன் அண்ணனின் ரத்த சாம்பிள், முதல் டெஸ்டிலேயே ‘இல்லை’ என்று காட்டியது. அவர் செல்லூரில் பவர்லூம் ஓட்டுகிறவர். ரத்தப் புற்றுநோய்க்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். இந்த முறையும் ‘இல்லை’ வந்தால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் வெளியே உட்கார்ந்திருந்தார்.

டெஸ்ட் இதுதான். டி.என்.ஏ. உட்கருவை விட்டு நகராது. செல் அதிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுத்து வெளியே அனுப்பும். ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும். இவருக்கு இரண்டு ஜீன்கள் உடைந்து தப்பாக ஒட்டியிருக்கின்றன. அதன் நகலிலிருந்து வரும் புரதம், ஓயாமல் பெருகச் சொல்லிச் செல்லை விரட்டும். நாங்கள் தேடுவது அந்த நகலை.

நகல் சீக்கிரம் சிதையும். அதனால் எல்லாச் செல்லிலும் இருக்கும் வேறொரு ஜீனின் நகலையும் சேர்த்தே தேடுவோம். அதுதான் கண்ட்ரோல்; அது வந்தால்தான் சாம்பிள் கெடவில்லை என்று அர்த்தம்.

அன்று கண்ட்ரோலும் வரவில்லை.

“நெகட்டிவ்தானம்மா? அடிச்சு விடு, மனுசன் காத்துக் கெடக்காரு” என்றார் மேனேஜர்.

“சாம்பிளே செத்துப்போச்சு சார்.”

ஃப்ரீசரைத் திறந்தேன். கதவில் சந்தனம், குங்குமம். உள்ளே பெட்டிகளெல்லாம் நனைந்து, மறுபடி உறைந்திருந்தன.

“பூஜை அன்னைக்கு ஆஃப் பண்ணுனீங்களாண்ணே?” என்று அட்டெண்டர் பாண்டி அண்ணனைக் கேட்டேன்.

“மெசினுக்கெல்லாம் ரெஸ்ட் குடுக்கணும்ல? நேத்து சாயங்காலந்தான் வந்து போட்டேன்.”

“அடப்பாவி! ஃப்ரீசர் என்ன மூட்டையா தூக்குது?” என்று மேனேஜர் தலையில் கைவைத்தார்.

முருகேசன் அண்ணனிடம் நான்தான் போனேன். “தப்பு எங்க மேலதான்ணே. மறுபடி ரத்தம் எடுக்கணும்.”

“எம்புட்டுத்தான் எடுப்பீங்க தங்கச்சி? எங்க தெருக் கொசுவே பரவாயில்ல” என்று கையை நீட்டினார்.

மறுநாள் கண்ட்ரோல் ஜம்மென்று வந்தது. தப்பான நகலும் வந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது.

ரிப்போர்ட்டை வாங்கிப் படித்த முருகேசன் அண்ணன் அதை மடித்தார். “நேத்தே இல்லைன்னு குடுத்திருந்தா சந்தோசமா வீட்டுக்குப் போயிருப்பேன்.”

“போயிருப்பீங்கண்ணே. மாத்திரையையும் விட்டிருப்பீங்க.”

தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். “குடிக்கத் தண்ணி குடு.”

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ‘இல்லை’ என்று எழுதும் முன், இருந்தே ஆகவேண்டியது இருக்கிறதா என்று பாருங்கள்.