எரித்ததாக எழுதிய பெட்டி

பேரன் கைப்பேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். ரொக், பொப் இசையில் உரிய மதிப்புக் கிடைக்காத பேஸ் கிட்டார்க்காரர்களாம். மதிப்புக் கிடைக்காதவர்களுக்கே இத்தனை வண்ணப்படம் என்றால், கிடைத்தவர்களைக் கோயிலில்தான் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. காதில் மாட்டும் கருவியை என் தலையில் கவிழ்த்து, "பேஸ் கேக்குதா தாத்தா?" என்றான். முதலில் பாடகனின் குரல் மட்டும்தான் கேட்டது. பிறகு நெஞ்சுக்குக் கீழே யாரோ விடாமல் குத்துவது போலிருந்தது. அந்தக் குத்து எனக்குப் பழக்கமானது. கூடவே பலகை, ஈயத்தாள், தேயிலைத் தூசி எல்லாம் கலந்த ஒரு வாடையும் வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்திருந்தேன். அடி என்பது அங்கே ஒரு நிர்வாக முறை. துரை, மலை வேலையைப் பார்க்கும் அதிகாரியான கண்டாக்கை ஏசுவார். கண்டாக்கு கணக்கப்பிள்ளையை ஏசுவார். கணக்கப்பிள்ளைக்கு ஏச்சில் நம்பிக்கை கிடையாது. ஆட்களை மேய்க்க அவர் கையில் ஒரு பிரம்பு இருந்தது. வாங்கிய அடிக்கு மருந்து பூச டிஸ்பென்சரி இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருந்தது என்கிறேன்.

தேயிலை அடைத்து அனுப்பும் பலகைப் பெட்டிகளுக்கும் இருந்தது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் ஓரம் வெடித்த பெட்டியை, கிளாக்கர் கண்ணெதிரே அடுப்பில் போட்டு, 'எரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். தேயிலை திருடிக் கடத்த உதவிவிடும் என்ற பயம். பெட்டிகளுக்கு ஆணியடிக்கும் முனியாண்டி ஒருநாள் தலையைச் சொறிந்தான். "ஐயா, இந்த ஒண்ண எனக்குக் குடுத்துருங்க. நெருப்புக்கு ஒண்ணு கொறைஞ்சா கோவிச்சுக்காது." கொடுத்தேன். எரிந்தது என்று எழுதினேன். என் உத்தியோகத்தில் எழுதிய முதல் பொய். கையெழுத்து மிக அழகாக விழுந்திருந்தது.

அவன் பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டு, ஒரு கயிற்றைக் கோத்தான். கயிற்றின் மறுமுனை ஒரு மம்பட்டிக் காம்பின் உச்சியில். காம்பைப் பெட்டி விளிம்பில் ஊன்றி இழுத்து, விறைத்த கயிற்றைச் சுண்டினால் நெஞ்சில் குத்தும்; தளர்த்தினால் குரல் இறங்கும். கணக்கப்பிள்ளையின் மருமகன் ஜெயசீலன் ஹட்டனில் கிட்டார் வாங்கி, ரேடியோவில் கேட்ட ஆங்கிலப் பாட்டுகளை அர்த்தம் தெரியாமல் முழு உருக்கத்தோடு பாடுவான். அவனுக்குப் பின்னால் முனியாண்டியின் பெட்டி. அதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். அது இருந்ததால்தான் அவன் பாடினான் என்பது பொங்கலுக்கு மறுநாள் பிற்பகல் தெரிந்தது.

விளையாட்டு மைதானத்தில் மேடை கட்டிப் பந்தல் போட்டு, தோட்டமே கூடியிருந்தது. மூன்றாவது பாட்டில் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்: "முனியாண்டிண்ணே, இன்னுங் கொஞ்சம் குத்துங்க!" சிரிப்பு. ஜெயசீலனுக்கு முகம் கறுத்தது. "சாவு வீட்ல தப்படிக்கிற பரம்பரை. குத்தாம என்ன செய்வான்?" என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி.

முனியாண்டி கயிற்றிலிருந்து கையை எடுத்தான். "அப்ப நீங்க தனியாவே பாடுங்க தம்பி."

பாடினான். மந்தையை விட்ட ஆட்டுக்குட்டி போல் குரல் நாலு பக்கமும் ஓடியது. கூட்டம் விசிலடித்தது. கணக்கப்பிள்ளை பந்தலுக்குள் ஏறி வந்தார்.

"அடிடா."

"மாட்டேங்க."

பெட்டியை உதைத்தார். தடுக்கப்போன முனியாண்டியின் வலது கை பெட்டியின் தகர விளிம்பில் விழுந்தது. அதன்மேல் மம்பட்டிக் காம்பால் அடித்தார். ஒரு அடி என்றால் ஆத்திரம் எனலாம். நான் எண்ணினேன், நான்கு. விரல்கள் உடைந்த சத்தம் பச்சை விறகை ஒடித்தது போலிருந்தது. அடுத்த நிமிடம் கல் பறந்தது. ஜெயசீலனின் கிட்டாரை அவன் வாயிலேயே உடைத்தார்கள். முன்பற்கள் மண்ணில் கிடந்தன. ஒருவன் கவ்வாத்துக் கத்தியோடு ஓடிவந்து, யாரை வெட்டுவது என்று தெரியாமல் பந்தல் காலை வெட்டினான். நான் அந்தக் காலைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தி என் கைக்கு ஒரு சாண் கீழே இறங்கியது.

ஆஸ்பத்திரியில் முனியாண்டிக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். துரை அறிக்கை கேட்டார். கலகத்தைத் தொடங்கியவன் முனியாண்டி, அவனைத் தோட்டத்தை விட்டே விரட்ட வேண்டும் என்றார் கணக்கப்பிள்ளை. கண்ணால் பார்த்த உத்தியோகத்தன் நான் ஒருவன்தான். உண்மையை எழுதினால் கணக்கப்பிள்ளை கோர்ட்டில் நிற்பார். காகிதத்தை எடுத்தும் விட்டேன். யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி. எரிஞ்ச பெட்டி என்னெண்டு பாட்டுக் கச்சேரிக்கு வந்தது?"

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஸ்டோரில் இயந்திரத்துக்குள் கவனயீனமாகக் கை விட்டதால் நேர்ந்த விபத்து என்று எழுதினேன். கலகமே நடக்கவில்லை என்றாகிவிட்டதால் விரட்டுவதற்கும் காரணமில்லை. "இப்புடி எழுதினாத்தான் ஒன்ன விரட்ட மாட்டாங்க" என்று முனியாண்டியிடம் சொன்னபோது, எனக்கே நான் அவனுக்காக எழுதியது போலிருந்தது. அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "பெருவிரல் இருக்குங்கய்யா. உருட்ட அது போதும்தானே?" அறிக்கையில் அவன் கைநாட்டு வைக்க, மையை நான்தான் பிடித்தேன்.

அவனைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். கணக்கப்பிள்ளை பிரம்போடு நடந்துகொண்டிருந்தார். சில ஆண்டுகள் கழித்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் முனியாண்டியும் பெயர் கொடுத்தான். படிவம் நிரப்ப என்னிடம்தான் வர வேண்டும், அதுவும் ஒழுங்கு. அடையாளம் என்ற இடத்தில் என் பேனா நின்றது. கையை மேசைமேல் விரித்து வைத்தான்.

"இத மட்டுமாவது உள்ளபடி எழுதுங்கய்யா."

வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை என்று எழுதினேன். எப்படிப் போயின என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது தேயிலை காகித மூட்டையில் போகிறது. பெட்டியும் இல்லை, ஆணியடிக்கும் சத்தமும் இல்லை, அந்த ஸ்டோருக்குக் கூரையும் இல்லை என்கிறார்கள். பேரன் பாட்டை நிறுத்திவிட்டு, "எப்புடி தாத்தா?" என்றான். நான் விரல்களை மடக்கிப் பார்த்தேன். பத்தும் இருந்தன.