அம்புவின் தேனிலவு

எங்கள் சட்டைக் கம்பெனியில் அவனுக்கு அம்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தைத்து வரும் சட்டைகளில் குறை பிடிக்கும் செக்கிங் பிரிவுக்கு அவன் சூப்பர்வைசர். தையல் விட்டுப்போயிருந்தாலும், பொத்தான் கோணியிருந்தாலும், நூல் தொங்கினாலும், அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தைத்தவளிடமே திருப்பி அனுப்புவார்கள். மற்ற செக்கர்கள் அந்த ஸ்டிக்கர் தாளை மேசையில் வைத்திருப்பார்கள். இவன் சட்டைப் பையில் வைத்திருப்பான். வீட்டுக்கும் அதோடுதான் போவான்.

அவன் பாஸ் போட்ட சட்டைகள் என்னுடைய பேக்கிங் பிரிவுக்கு வரும். பன்னிரண்டு வருஷத்தில் அவன் கை பட்ட சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அது உண்மைதான், மறுக்கமாட்டேன். அந்த வேலை செக்கிங் மேசையோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் அவன் மண்டையில் ஏறவில்லை. அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டவர்கள் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை. தட்டில் இருக்கும் கீறலைச் சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவான்.

கல்யாணத்துக்குப் பதினாறு பெண்களைப் பார்த்துத் தள்ளினான். ஒருத்திக்குச் சிரித்தால் ஈறு தெரிகிறதாம். ஒருத்திக்கு ஒரு காது மற்றதைவிடக் கீழே இருக்கிறதாம். இவன் ஏதோ செதுக்கி வைத்த சிலை என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தாறு வயது, முன்மண்டை காலி, சட்டையின் மேல்பொத்தான்வரை போட்டுக்கொண்டு, நடக்கிற தபால்பெட்டி மாதிரி இருப்பான்.

பதினேழாவதாக என் பெரியம்மா மகளை அவனுக்குச் சொன்னவன் நான். ஒரு நாள்கூட லீவு போடாதவன், சொன்ன நேரத்துக்கு வருகிறவன், கல்யாணத்துக்கு இது போதும் என்று நினைத்த முட்டாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். ஊசி போனது தெரியாமல் எடுப்பாள். பேச்சு குறைவு. அவளை அவன் ஏற இறங்க மூன்று முறை பார்த்துவிட்டு, சரி என்றான். பாஸ் போட்டுவிட்டான் என்று கம்பெனியே கைகொட்டிச் சிரித்தது.

கல்யாண ஆல்பம் வந்ததும் பதினோரு படங்களில் அம்புக்குறி ஒட்டி போட்டோக்காரரிடம் திருப்பி அனுப்பினான். அவள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன்.

தேனிலவுக்கு ஒரு தீவு. எங்கள் மேனேஜர் ஒரு முறை அங்கே போய்வந்து படங்களைக் காட்டியிருந்தார். அவருக்கு நாம் என்ன குறைச்சல் என்று அம்பு அங்கேயே பதிவு செய்தான். ஐந்து நாள். அங்கே நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதான். அவள் வெட்கப்பட்டுச் சொன்னதை அவன் பெருமையாகச் சொன்னான், அவ்வளவுதான் வித்தியாசம்.

தென்னைகளுக்கு நடுவே மரத்தாலான சின்னச் சின்ன அறைகள். வாசலிலிருந்து பத்தடியில் கடல். கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் கால் விரல்கள் தெரியும் என்றாள். அறைக்குள் போனதும் அவள் ஆசையாகத் திரையை விலக்கினாள். அவன் அந்தத் திரையை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னான். கீழ்மடிப்புத் தையலைப் பார்க்க வேண்டுமாம். மத்தியானத்துக்குள் அந்த அறையில் இருபத்திரண்டு அம்புக்குறிகள் முளைத்துவிட்டன. சொட்டுகிற குழாயில் ஒன்று, கொசுவலை ஓட்டையில் ஒன்று, துண்டின் ஓரத்தில் மூன்று.

விடுதி மேனேஜர் நரைத்த தலையோடு வந்து எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். எத்தனையோ மாப்பிள்ளைகளைக் கரையேற்றிய மனிதர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வேறு அறை கொடுத்தார். அதில் பத்தொன்பது. மூன்றாவது அறையில் ஒன்பது. பரவாயில்லை, தேறுகிறது என்று அம்பு அங்கே தங்கச் சம்மதித்தான். அவள் மூன்று முறை பெட்டியைப் பிரித்து இரண்டு முறை கட்டியிருந்தாள். கடலில் கால் வைக்காமலே முதல் நாள் போய்விட்டது.

இரண்டாம் நாள் அவன் வராந்தாவில் உட்கார்ந்து புகார் எழுதத் தொடங்கினான். கம்பெனியில் பயன்படுத்தும் படிவத்தையே கொண்டுபோயிருந்தான். சின்னக் குறைக்கு மைனர், பெரிய குறைக்கு மேஜர், சரக்கையே தள்ளிவிடும் குறைக்குக் கிரிட்டிக்கல் என்று மூன்று கட்டங்கள். கடலுக்குப் போகலாமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். இதை முடித்துவிட்டு வருகிறேன் என்றான். மூன்றாம் தடவை கேட்காமல் அவளே போனாள். கண்ணாடித் தளம் வைத்த படகு ஓட்டும் ஒரு பெண் அங்கே இருந்தாள். தடித்த குரல், வெயிலில் கருத்த தோள். தனியாக நின்றவளைப் படகில் ஏற்றி மீன்களைக் காட்டினாள். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, முதுகுக்குக் கீழே கை கொடுத்து மிதக்கச் சொல்லிக்கொடுத்தாள். கழுத்தைத் தளர்த்தினால் தண்ணீரே தாங்கிக்கொள்ளும் என்றாளாம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியறியாத என் தங்கை அன்றைக்கு இருபது எண்ணும்வரை மிதந்தாள்.

அதைச் சொல்ல ஓட்டமும் நடையுமாக அறைக்கு வந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மூக்கு கருத்துவிட்டது, ஊருக்குப் போனால் எடுக்கிற படமெல்லாம் கெட்டுப்போகும் என்றான்.

மூன்றாம் நாள் காலை அவள் விடுதிக் கடையில் முழங்கால்வரை உள்ள நீச்சல் உடை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் இடது கெண்டைக்காலின் பின்பக்கம் இருந்த தழும்பு அவன் கண்ணில் நன்றாகப் பட்டது. எட்டு வயதில் அவள் அப்பாவின் பைக்கிலிருந்து இறங்கும்போது சைலன்சரில் சுட்டுக்கொண்டது. குனிந்து, விரலை வைத்து அளந்தான்.

"இதைப் பொண்ணு பாக்க வந்தப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. எனக்கே அது ஞாபகத்துல இருக்கறதில்ல."

"நான் கேக்கணுமா? சரக்கு குடுக்கறவங்கதான் குறைய முன்கூட்டியே சொல்லணும்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். நாலு மணிக்கு எழுந்து படகுத்துறைக்குப் போனாள். படகில் வேறொரு புதுஜோடி உட்கார்ந்திருந்தது. அவள் ஏறும்போது படகுக்காரி அவள் காலைப் பிடித்து நிறுத்தி, தழும்பின் மேலிருந்து எதையோ உரித்தெடுத்தாள். சிவப்பு அம்புக்குறி. தூங்கும்போது ஒட்டியிருக்கிறான், மகராசன்.

"என்னம்மா இது, விலைச்சீட்டா?" என்று படகுக்காரி சிரித்தாள். ஜோடியும் சிரித்தது.

இதை என்னிடம் சொல்லும்போதுதான் என் தங்கையின் குரல் மாறியது. "அண்ணா, அவங்க சிரிச்சப்ப கூடவே நானும் சிரிச்சுட்டேன். அதுதான் எனக்குத் தாங்கல."

அவள் படகிலிருந்து இறங்கவில்லை. முழுச் சுற்றும் போய் மீன்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். நேராக மேனேஜரிடம் போய்த் தனக்குத் தனியாக ஓர் அறை வேண்டும் என்று கேட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முதலில் கொடுத்த அறைதான் காலியாக இருக்கிறது, குழாய் இன்னும் சொட்டுகிறது என்றார். அது போதும் என்று அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனைவி அறையை விட்டுப் போய்விட்டாள் என்றால் ஒருவன் என்ன செய்வான்? கோபப்படுவான், கெஞ்சுவான், வாசலில் போய் உட்கார்ந்திருப்பான். அம்பு கதவைத் தட்டி, காலைச் சாப்பாட்டுக் கூப்பன் பிரச்சினையைக் கிளப்பினான்.

"ஒரே கூப்பன்ல ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கு. அதை யார் வெச்சிக்கறது?"

"நீங்களே வெச்சிக்குங்க," என்றாள் அவள் உள்ளேயிருந்து. தீவில் அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது.

பிறகு வராந்தாவுக்குத் திரும்பிப் போய், படிவத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்தான். வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் அவர் மனைவிக்குத் தனி அறை ஒதுக்கியது, கிரிட்டிக்கல். அந்தத் தாளை நானே என் கண்ணால் பார்த்தேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

மிச்சமிருந்த நாட்களில் அவள் கடலில் மிதந்தாள். அவன் தாளில் மிதந்தான். திரும்பும் படகில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து வந்தார்கள்.

அவள் தன் அம்மா வீட்டில் வந்து இறங்கினாள். மறுநாள் நான் செக்கிங் பிரிவுக்குப் போய் அவனைப் பிடித்தேன். அவன் கை வேலையை நிறுத்தவில்லை.

"மச்சான், அது வெறும் பேப்பர். துணியிலயே கறை விடாது, தோல்ல என்ன ஆயிடப் போவுது?"

"ஒட்டினதே தப்புன்னு உனக்குத் தோணலியா?"

"மறைச்சது அவ. சுட்டிக்காட்டினது நான். யார் மேல தப்புன்னு நீயே சொல்லு."

கேலியில்லை, திமிர்கூட இல்லை. நிஜமாகவே நான் நியாயம் சொல்வேன் என்று காத்திருந்தான். ஓங்கி ஒன்று விடலாம் என்று கை துடித்தது. ஆனால் கீழே லாரி நின்றுகொண்டிருந்தது, சரக்கை ஏற்ற வேண்டியிருந்தது. போய் ஏற்றினேன். என் லட்சணமும் அவ்வளவுதான்.

பெரியம்மா முதலில், கொஞ்சம் அனுசரித்துப் போகக்கூடாதா என்று மகளிடம் முனகிக்கொண்டிருந்தார். பிறகு அம்புவின் அக்கா சமாதானம் பேச வந்தாள். தம்பி குழந்தை மாதிரி, மனசில் ஒன்றும் இல்லை என்று பூசி மெழுகிவிட்டு, இப்போதெல்லாம் லேசர் வைத்துத் தழும்பை எடுத்துவிடுகிறார்களாம், அதை மட்டும் செய்துவிட்டால் அவனுக்கு ஓர் ஆட்சேபமும் இருக்காது என்றாள். பெரியம்மா எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாக மனுப் போட்டார்கள். கையெழுத்துப் போடுகிற நாளில், மனுவில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதாக அம்பு கண்டுபிடித்தான். அதைத் திருத்தி வாங்க மேலும் மூன்று வாரம் ஆயிற்று. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

விடுதியிலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல். கண்ணாடி போட்டுத் தன் மேசைக்கு மேலே மாட்டினான். தேனிலவில் உனக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவான். வெட்கம் என்பது துளியும் இல்லை.

என் தங்கை பழைய வேலையில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகராட்சி நீச்சல்குளத்துக்குப் போகிறாள். மறுபடி கல்யாணம் என்ற பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அவளும் என்னை அந்த வேலைக்கு நம்பமாட்டாள்.

போன மாதம் ஒரு பெரியவர் பேக்கிங் பிரிவுக்கு என்னைத் தேடி வந்தார். தன் மகளுக்கு அம்புவைப் பார்த்திருக்கிறார்களாம், கூட வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கலாம் என்று வந்தாராம். அவரை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். தீவு, மூன்று அறைகள், சைலன்சர் சூடு, படகில் சிரித்தது, எல்லாம். அவர் கவனமாகக் கேட்டார். கடைசியில் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

"நல்ல வேளை தம்பி. என் பொண்ணு உடம்புல ஒரு சின்னத் தழும்புகூட இல்ல."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, செக்கிங் பிரிவு எந்தப் பக்கம் என்று கேட்டார். கையைக் காட்டினேன். வருகிற மாதம் கல்யாணம்.