தங்கச்சி ஊற்றிய சிலுவை

ஊருக்கெல்லாம் அவள் சிஸ்டர். தெருவில் இறங்கினால் வயசானவர்கள்கூட எழுந்து நின்று "தோஸ்திரம் சிஸ்டர்" என்பார்கள். எனக்கு அவள் தங்கச்சி, அவ்வளவுதான். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் பாவாடையைப் பிடித்தபடி ஸ்கூலுக்கு வந்தவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு கன்னியர் மடத்தில் சேர்ந்தாள், நர்ஸ் படித்தாள், இப்போது வடக்கே ஏதோ ஒரு மலைக்காட்டில் மடத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வீட்டு லீவு எப்போதாவதுதான் கிடைக்கும். அதிலும் பாதி ரயிலிலேயே போய்விடும். வீட்டில் நிற்பது ஒரு வாரம்.

அம்மா செத்தபோது அவளால் வர முடியவில்லை. ரயில் மாறி மாறி வந்து சேர மூன்று நாளாகும். ஐஸ் பெட்டியில் வைத்திருக்கலாம் என்று நான் கத்திப் பார்த்தேன். "எத்தினி நாளைக்கும்மா வெச்சிருப்ப?" என்று பங்காளிகள் என் வாயை அடைத்தார்கள். கடைசியில் அவளே போனில், "எடுத்துடுங்கக்கா, அம்மாவ காக்க வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அழக்கூட இல்லை. அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டினேன்.

கல்லறைத் திருநாள் முடிந்த மறுவாரம் அவள் லீவில் வந்தாள். நல்ல மழைக்காலம். ஜங்ஷனில் இறங்கியவள் கையில் ஒரு சின்னப் பை. "இவ்ளோதானா உன் சொத்து?" என்று கேட்டு அந்தப் பையைப் பிடுங்கினேன். "இதுவே அதிகம்க்கா" என்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். ஆட்டோக்காரர் சொன்ன வாடகைக்கு "அச்சா" என்று தலையாட்டினாள். "என்னடி அச்சா? இது விருத்தாசலம்" என்றேன். சிரித்தாள். சிரித்தால் அப்படியே அம்மா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "அம்மா நைட்டி எதனா இருக்குதா?" என்று கேட்டாள். பீரோவில் ஒன்று வைத்திருந்தேன். மற்றதையெல்லாம் கொடுத்துவிட்ட பிறகு இதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. போட்டுக்கொண்டு அம்மா கட்டிலில் சுருண்டு படுத்தாள். பிரயாணக் களைப்பு, தூங்கட்டும் என்று நான் உலை வைக்கப் போனேன்.

சாயங்காலம் மழை விட்டதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மாவுக்கு இன்னும் கல்லறை கட்டவில்லை. மண்மேடுதான். தலைமாட்டில் அடக்கத்தன்று நட்ட மரச்சிலுவை, அதில் எழுதியிருந்த பெயர் மழையில் கரைந்து ஒழுகியிருந்தது. திருநாளன்று நான் ஏற்றிய மெழுகுவத்தி உருகிக் கிடந்தது. தங்கச்சி முழங்கால் போட்டு ஜெபம் சொன்னாள். நானும் கூடவே சொன்னேன். முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"வீடியோல பார்த்துக்கினே இருந்தேன்க்கா," என்றாள். "பொட்டிய குழில எறக்குனாங்க. சாமியார் மொதல்ல மண்ணு போட்டாரு. நீ குனிஞ்சு மண்ணு அள்ளுன. அத்தோட சிக்னலு போயிடுச்சு. ஆஸ்பத்திரி மாடிக்கு ஓடுனேன், வாட்டர் டேங்க் மேல ஏறுனேன். வரவே இல்ல. மறுபடி லைன் கெடைச்சப்ப எல்லாரும் கை கழுவிக்கினு இருந்தீங்க."

குழிக்குள் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவது எங்களில் வழக்கம். தூரத்துச் சொந்தம்கூட வரிசையில் நின்று போட்டுவிட்டுப் போகும். பெற்ற பெண் போடவில்லை. அன்றைக்குப் போனில் அழாதவள் மனசுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. டேங்க் மேல் ஏறி நின்றவளையா கல்நெஞ்சக்காரி என்று திட்டினேன்! அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் ஓவென்று அழுதேன், அவளுக்குக் கண் மட்டும் நிறைந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள், "இந்த மரம் இத்துப்போச்சு. நீதான் பீங்கான் கம்பெனில இருக்கியே, ஒரு சிலுவை செய்ய முடியுமா? நான் போறதுக்குள்ள என் கையால வெச்சிட்டுப் போறேன். அதுகூட செய்யாம எப்பிடிக்கா ரயில் ஏறுவேன்?"

"இது ஒரு பெரிய விஷயமா? நாளைக்கே ஊத்துறோம்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

நான் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் கண் எழுதுகிறவள். பிள்ளையாரோ குழந்தை இயேசுவோ, யாராக இருந்தாலும் கண்ணும் புருவமும் என் கைதான். தங்கச்சி வருகிறாள் என்று லீவு சொல்லியிருந்தேன். லீவு போட்டவள் மறுநாள் காலையில் கம்பெனி வாசலில் வந்து நின்றதும், சூளைக்கார அண்ணன், "என்னம்மா, எங்கள வுட்டுட்டு வூட்ல இருக்க முடியலியா?" என்று கிண்டல் செய்தார். பின்னால் வந்த தங்கச்சியைப் பார்த்ததும் பீடியை அணைத்துப்போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

கிறிஸ்துமஸ் ஆர்டருக்குச் செய்த முழ உயரச் சிலுவை அச்சு ஒன்று இருந்தது. மண்ணைத் தண்ணீரில் கரைத்த வெள்ளைக் கூழை அச்சுக்குள் ஊற்ற வேண்டும். அச்சு ஈரத்தை உறிஞ்சி ஓரத்தில் மண் தோல் கட்டியதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். பிறகு அச்சைப் பிரித்தால் உருவம் நிற்கும். தங்கச்சியே ஊற்றினாள். ஊசி போடுகிற கை, ஒரு சொட்டு சிந்தவில்லை. "ரெண்டா ஊத்திடும்மா, ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்" என்றார் அண்ணன். அதுதான் எங்கள் தொழில் பழக்கம். முதலாவது நன்றாகக் காய்ந்து வந்தது. அப்புறம் ஊற்றியது மழை ஈரத்தில் காயவே இல்லை. ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடிக்கும். அதனால் முதலாவது சூளைக்குப் போனது. இரண்டாவது சிலுவை சுவரோரப் பலகை மேலேயே நின்றது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்கு ரயில். அன்று காலையில் சூளை பிரிப்பதாக ஏற்பாடு. ஆனால் கூட வைக்க வேண்டிய மற்றவர்கள் சரக்கு மழையில் காயாமல், நெருப்பு வைப்பது ஒரு நாள் தள்ளிப்போனது. வியாழனுக்குள் சூளை ஆறுமா என்று எனக்கு அப்போதே சந்தேகம். அவளிடம் சொல்லவில்லை.

நடுவில் கிடைத்த நாட்களை வீணாக்க வேண்டாம் என்று ஒரு நாள் திட்டக்குடி பஸ் ஏறி வெலிங்டன் ஏரிக்குப் போனோம். கட்டுச்சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோயிருந்தேன். மடத்துச் சாப்பாட்டில் நாக்குச் செத்தவள், கையை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். "சிஸ்டரு திங்கிற அழகப் பாரு" என்று சீண்டினேன். கரைமேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அம்மா இருந்தா அம்மா வூடு. அடுத்த லீவுக்கு நான் யாரு வூட்டுக்குக்கா வர்றது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "அடிப்பாவி! நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கத்தினேன். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். என்னதான் கத்தினாலும் அவள் கேட்டது நியாயம்தான். இப்போது என் வீட்டில் அவள் விருந்தாளி. அம்மா இருக்கும்போது அப்படி இல்லை.

வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரும் சூளைக்குப் போனோம். வாசலில் அடுக்கி மண் பூசிய செங்கல் அப்படியே இருந்தது. கிட்டே போனாலே முகத்தில் அனல் அடித்தது. அண்ணன் தலையை ஆட்டினார்.

"ஆறலம்மா. நாளைக்கு மத்தியானம்தான்."

"சாயங்காலம் இவளுக்கு ரயிலுண்ணே."

"நான் என்னம்மா பண்றது? உனக்குத் தெரியாததா?"

தெரியும். அரைகுறையாக ஆறிய சூளையைத் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு உள்ளே இருப்பது விரிசல் விடும். எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் நான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "ஒரு கை நுழையுற அளவுக்குத் தெறண்ணே. வாசலாண்டதான வெச்சோம். இடுக்கியால எடுத்து சாக்குல சுத்திக்கிறேன். போனா என் தலையோட போவட்டும்." தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க்கா." நான் உதறிவிட்டேன். டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியாது. இந்த லீவே மூன்று சிஸ்டர்கள் இவள் டூட்டியைப் பார்த்துக் கொடுத்த லீவு. சூளையோ இன்னும் ஒரு நாள் கேட்கிறது. நான் என்னதான் செய்வேன்?

அண்ணன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நான்கு செங்கல்லை உருவினார். சிலுவை தெரிந்தது. பால் மாதிரி வெள்ளையாக, ஒரு குறையில்லாமல் நின்றது. "பார்த்தியா!" என்று நான் வாய் திறந்தேன். அதற்குள் டிங் என்று ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம்தான். குறுக்குக் கை அடியோடு கழன்று விழுந்தது.

அண்ணன் செங்கல்லைத் திரும்ப அடுக்கினார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். என் வாய்தான் என்னைக் கெடுத்தது. நாளைக்கு அது முழுசாக வந்திருக்கும், நானாவது கொண்டுபோய் வைத்திருப்பேன். இப்போது அதுவும் இல்லை. தங்கச்சி என்னைத் திட்டினால்கூடத் தேவலை. அவள் சுவரோரப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அது நான் ஊத்துனதுதான?"

இரண்டாவது சிலுவை. ஈரம் போய்க் கெட்டிப்பட்டிருந்தது, ஆனால் நெருப்புப் படாதது.

"அது பச்ச மண்ணுடி. சுடாதது."

"கைல தூக்கலாமா?"

"தூக்கலாம். அங்க கொண்டுபோயி என்னா பண்றது? ஒரு மழைக்குத் தாங்காது. கரைஞ்சி ஓடிடும்."

"தெரியுங்க்கா," என்றாள். "இதையே எடுத்துக்கினு போவோம்."

நான் கொண்டுபோயிருந்த துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டாள். பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி பள்ளம் மேட்டுக்கெல்லாம் கையைக் கொடுத்துத் தாங்கினாள். கல்லறையில் மரச்சிலுவையைப் பிடுங்காமல், அதற்கு முன்னால் மண்ணைக் கையால் நோண்டிக் குழியாக்கி இதை நிறுத்தினாள். சுற்றி மண்ணை அணைத்து அமுக்கினாள். நான் உதவப் போனேன். "நீ வுடுக்கா" என்றாள். நகமெல்லாம் மண். அப்புறம் வெகுநேரம் உள்ளங்கையை அந்த மேட்டின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரயிலுக்கு நேரமாகிறது என்று நான்தான் எழுப்பினேன்.

ஜங்ஷனில் அம்மா நைட்டியை அவள் பையில் திணித்தேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன், வாங்கிக்கொண்டாள். "போயிட்டு வரேன்க்கா" என்றாள். "என் வூட்டுக்குத்தான் வரணும், தெரிஞ்சிக்க" என்றேன். ரயில் நகரும்போதே தூறல் போட்டது. ராத்திரியெல்லாம் பேய்மழை. நான் கண்ணை மூடவில்லை.

விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சிலுவை இல்லை. அது நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு குவியல், அதிலிருந்து மண்மேடு முழுக்க வெள்ளைக் கூழ் வழிந்து இறங்கியிருந்தது. செம்மண்ணுக்குள் ஊறிப்போயிருந்தது. அவளுக்கு எப்படிச் சொல்வேன் என்று நின்றுகொண்டிருக்கும்போதே போன் வந்தது. ரயில் சத்தத்துக்கு நடுவில் கேட்டாள்.

"அக்கா, அங்க மழையா?"

"ஆமாண்டி."

"கரைஞ்சிடுச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கரைஞ்சி உள்ள எறங்கிடுச்சு பாப்பா. ஒண்ணும் மிச்சமில்ல."

கொஞ்ச நேரம் ரயில் சத்தம் மட்டும் கேட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று பயந்து போனை இறுக்கிப் பிடித்தேன். போகவில்லை.

"அப்ப நானும் அம்மாவுக்கு மண்ணு போட்டுட்டேன்க்கா," என்றாள். அதற்கப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.