ஹில்டிங்கும் ஆயில் சீலும்

ஹில்டிங் நேஸ்லுண்ட் உறையைக் கத்தியால் பிரிப்பதில்லை. முனை ரப்பரில் பட்டுவிடுமாம். ஓரத்தைப் பல்லால் கடித்து, நகத்தால் கிழித்து, உள்ளே இருக்கும் ஆயில் சீலை இரண்டு விரலால் மெல்ல எடுப்பார். முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு அதன் உள்விளிம்பைத் தன் கீழுதட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். “விரலு மரத்துப் போச்சு. அது என்ன சொன்னாலும் நம்ப முடியாது. உதட்டுக்குத் தெரியும்” என்பார். சுற்றி முடித்ததும் கண்ணைத் திறந்து, “பரவால்ல... ஆனா” என்று நிறுத்துவார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன என்று கேட்பதை நான் விட்டு வெகு நாளாயிற்று.

நான் யோர்டிஸ், இந்தக் கடலோரச் சாலையில் தபால் வண்டி ஓட்டுகிறவள். மற்றக் கிழவர்களுக்கு மருந்து வரும், தோட்டத்துக்கு விதை வரும். ஹில்டிங்குக்கு ஆயில் சீல் வரும். கோத்தன்பர்க்கிலிருந்து வரும், ஹாலந்திலிருந்து வரும். ஒரு தடவை போலந்தில் யாரோ ஒரு விவசாயி தன் கொட்டகையைக் குடைந்து எடுத்து அனுப்பியது செய்தித்தாளில் சுற்றி வந்தது. எல்லாமே இஞ்சின் எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் உள்ளங்கை அகல வளையங்கள். எல்லாம் அவருடைய 1966ஆம் வருடத்து வோல்வோ அமேசான் காரின் இஞ்சினில், பின்பக்கம், ஒரே ஒரு இடத்தில் உட்கார வேண்டியவை. அந்த இடமோ காலியாகக் கிடக்கிறது. இஞ்சின் அவர் கொட்டகையில் தனியே இரும்புத் தாங்கியில் நிற்கிறது. காரின் பானெட்டுக்குள் பூனை குட்டி போட்டுவிட்டது.

பழைய கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அந்தப் பின்பக்கத்துச் சீலை மாற்றக் காரைப் பாதி பிரிக்க வேண்டும். கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழன்று வந்த பிறகுதான் அது கண்ணிலேயே படும். தப்பான சீலைப் போட்டால், அத்தனையையும் பூட்டி, ஓட்டிப் பார்த்து, சொட்டுவதைக் கண்டு, தலையில் கை வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் மற்றவர்கள் ஒரு வாரம் யோசிப்பார்கள். ஹில்டிங் மூன்று கோடைகளாக யோசித்துக்கொண்டிருந்தார்.

கம்பளி நாரால் செய்த சீல்தான் அந்த இஞ்சினோடு பிறந்தது. அது எண்ணெயைக் குடித்து ஊறிக் கொஞ்சம் கசியவே செய்யும். கறுப்பு ரப்பர் சீல் கசியாது. ஆனால் சீலுக்குள் சுழலும் இரும்புத் தண்டான கிராங்க் ஷாஃப்டில் பழைய சீல் உரசி உரசி ஒரு மெல்லிய வரிப்பள்ளம் விழுந்திருக்கிறது. ரப்பர் விளிம்பு அதிலேயே போய் உட்கார்ந்தால் ஒழுகும். ஒரு மயிரிழை உள்ளே தள்ளி உட்கார வைக்கலாம். ஒரு மயிரிழை என்றால் எவ்வளவு? செந்நிற ரப்பர் சூட்டைத் தாங்கும், ஆனால் குளிரில் விறைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் சாஸேஜ் கடை முன்னால் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக்கொண்டு பேசுகிறார்களே, அவர்களிடம் போய்க் கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சீலே காரணமில்லை, இஞ்சின் மூச்சு விடுகிற குழாய் அடைத்திருக்கிறது என்றும் ஒருவர் சொன்னார். அன்று முழுக்க ஹில்டிங் சாப்பிடவில்லை.

ஓய்வு பெறும்வரை அவர் மரம் ஏற்றும் துறைமுகத்தில் கிரேன் கம்பிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவர். இது போதாது, மாற்று என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவர். அவர் சரி என்று சொன்ன கம்பி எதுவும் அறுந்ததில்லை. அங்கே அது நல்ல குணம். வீட்டில் அதே குணம் அவரைத் தின்றது. ரொட்டி வாங்கப் போனால்கூட ஒன்றை எடுத்து வைத்து, இன்னொன்றை எடுத்துப் பார்த்து, கடைசியில் வெறுங்கையோடு வருவார்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன், ஸ்தூரே மட்டும் இல்லாவிட்டால்.

ஸ்தூரே அவருடைய அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாத இருவரும் சேர்ந்து வாங்கிய கார் அது. ஆகஸ்டில் புளித்த மீன் டப்பாக்கள் கடைக்கு வந்ததும், ஒன்றை எடுத்துக்கொண்டு பேன்ஹாம்ன் துறைக்குப் போய், பாறை மேல் உட்கார்ந்து திறப்பார்கள். மெல்லிய ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயம். நாற்றம் தாங்காமல் கடற்காகங்கள்கூடத் தள்ளித்தான் நிற்கும் என்று ஸ்தூரே பெருமையடிப்பார். நாலு வருடத்துக்கு முன்பு ஹில்டிங் அவசரத்தில் கிடைத்த ஒரு சீலைப் போட்டார். அது ஒரே வாரத்தில் ஊற்றியது. எண்ணெய் கிளட்சில் இறங்கி, பனிக்காலத்தில் மேட்டுச் சாலையில் கார் நின்றுவிட்டது. உதவி வரும்வரை இருவரும் குளிரில் நின்றார்கள். அந்த வசந்தத்தில் ஸ்தூரேயின் நுரையீரல் நோய் தெரியவந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, அது பல வருடமாக வளர்ந்த நோய் என்று மருத்துவர் சொன்னார். ஸ்தூரேயும் சொன்னார். ஹில்டிங் யார் சொல்லியும் நம்பவில்லை.

ஸ்தூரே முதியோர் இல்லத்தில் படுத்துவிட்டார். அங்கே அந்த டப்பாவைத் திறக்க விடமாட்டார்கள்; அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அமேசானில் ஏறிக் கடலுக்குப் போக வேண்டும், ஒரு டப்பா திறக்க வேண்டும். என் வண்டியில் கூட்டிப் போகிறேன் என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

“வேற வண்டியில ஏறினா நான் நோயாளி, யோர்டிஸ். அமேசான்ல ஏறினா நான் ஸ்தூரே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹில்டிங் இரண்டு மூன்று சீல்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போவார். கட்டில் விளிம்பில் அவற்றைப் பரப்பி, ஒவ்வொன்றின் குற்றத்தையும் விளக்குவார். ஸ்தூரே பொறுமையாகக் கேட்பார். எங்கள் ஊர்ப்பக்கம் ஆமாம் என்பதற்கு வாயைத் திறப்பதில்லை, மூச்சை உள்ளே இழுத்தால் போதும். நோய் முற்றிய பிறகு அவருக்கு அதுவே பெரும்பாடாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உடன் இருந்தேன்.

“ஒழுகினா ஒழுகட்டுமேடா தம்பி” என்றார் ஸ்தூரே. “அடியில அட்டை போட்டுக்கலாம். நானே எல்லாப் பக்கமும் ஒழுகிட்டுத்தான் கிடக்கேன். எனக்கு எவன் சீல் தேடுறான்?”

“இன்னொரு தடவ உன்ன ரோட்டுல நிறுத்த மாட்டேண்ணே.”

“நான் நிக்கிறேன்னு சொல்றேன்ல.”

ஹில்டிங் சீல்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “பார்க்கலாம்” என்றார். வெளியே வந்ததும் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அவ்வளவு ஆத்திரம். திட்டவும் செய்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, ஹாலந்திலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

இந்த ஆகஸ்டில் புது டப்பாக்கள் கடைக்கு வந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போய் வந்த ஹில்டிங், திங்களன்று தபால் பெட்டியருகே எனக்காகக் காத்து நின்றார். ஸ்தூரே முந்தின நாள் காரைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். சீல்களைப் பரப்பியபோது பார்க்கவுமில்லையாம். கோடை வெயிலில், வெளியே பனி இன்னும் கிடக்கிறதா என்று மட்டும் விசாரித்தாராம். “அண்ணன் கேக்கல, யோர்டிஸ். ஒரு வார்த்த கேக்கல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் நான் போனபோது கொட்டகைக் கதவு திறந்திருந்தது. கறுப்பு ரப்பர் சீல் ஒன்றை எண்ணெய் தடவி ஷாஃப்டில் ஏற்றியிருந்தார். எத்தனையோ ஆராய்ச்சிக்குப் பிறகு, முதல் கோடையில் வந்த முதல் சீலையே எடுத்திருக்கிறார். மரக்கட்டையை வைத்து, சுத்தியலால் இங்கே ஒரு தட்டு, எதிரே ஒரு தட்டு என்று மயிரிழை மயிரிழையாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு தட்டுக்கும் தயங்கவில்லை. கிரேன் கம்பி பார்த்த காலத்தில் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அடித்து அமர்த்திய சீலைத் திரும்ப எடுக்க முடியாது, நெம்பினால் விளிம்பு கிழிந்து குப்பைதான், அதனால் கோணலாகப் போகிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். சுற்றிலும் பார்த்தேன். ஊரிலிருந்து இரண்டு பேர் உதவிக்கு வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் இஞ்சினைக் காரில் ஏற்றிவிடலாம் என்றார். மீன் டப்பா ஏற்கெனவே வாங்கி ஜன்னலோரம் வைத்திருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

கடைசித் தட்டு தட்டியபோது மேசை மேல் தொலைபேசி அடித்தது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். “சரி” என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு “சரி.” பிறகு நன்றி சொல்லி வைத்தார்.

“அண்ணன் போயிட்டாரு. காலையில கஞ்சி குடுத்துட்டு இருந்தாங்களாம். அப்பவே.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வண்டியில் ஏறுங்கள், நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருப்பேன். அவர் காதில் விழவில்லை. விளக்கை என் கையிலிருந்து வாங்கி, சீலைச் சுற்றி மெதுவாக ஒரு முறை காட்டினார்.

“சமமா உக்காந்திருக்கு இல்ல?”

ஆமாம், நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்றேன்.

தலையசைத்தார். “மொத கோடையிலயே இப்படி உக்காந்திருக்கும்” என்றார். விளக்கைக் கீழே வைத்துவிட்டு, நீளமான திருப்புளி ஒன்றைத் தேடி எடுத்து, அதன் நுனியைச் சீலின் விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பினார்.