மாமாவின் அழைப்புக்குறி

மாமாவின் ஹெட்போன் இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. காதுப்பஞ்சு உதிர்ந்துவிட்டது, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டும். எறியச் சொல்லிச் சொல்லியே என் கணவர் களைத்துவிட்டார். அவருடைய அப்பாவின் பொருள்தான், ஆனால் மனம் வராதது எனக்கு.

மாமா உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் ஏரியல் கம்பி கட்டி, ஐரோப்பாவில் இருக்கும் மூன்று கிழவர்களோடு மாலைதோறும் கதைப்பார். கணினி அவருடைய குரலை எண்களாக்கி அனுப்பும். பேச்சுப் பொத்தானை அழுத்தினாலே போதும், உரிமத்தோடு அவருக்குக் கொடுத்த அடையாளமான அழைப்புக்குறி அவர்களுடைய திரையில் எழுத்தாக விழும். ஆனால் இங்கே லிப்ட், மின்குமிழ், சார்ஜர் எல்லாம் சேர்ந்து வானொலிக்குள் போடும் இரைச்சலில் அவர்களுடைய பதில் பிடிபடாது. அதனால் பேசுவது கம்பியால், கேட்பது இணையத்தால். கிழவர்களின் ஊர்ப்பக்கம் யாரோ ஒருவர் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்திருந்த வானொலி ரிசீவரை மடிக்கணினியில் பிடித்து, அதன் வழியே கேட்பார். மாமி இறந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அவர்களோடு மட்டும்தான்.

சோலார் பனல் பூட்ட வந்தவர்கள் அந்தக் கம்பியை வெட்டிவிட்டார்கள். திரும்பக் கட்ட அனுமதி கேட்டுப் போனால், குடியிருப்போர் சங்கச் செயலாளர், "அங்கிள், இந்தக் காலத்தில ஆர் ரேடியோவில கதைக்கினம்?" என்று பல்லைக் காட்டினார். மாமாவுக்கு வாய் போயிற்று, காது மட்டும் மிஞ்சியது. கூட்டாளிகள் தன்னைத் தேடிக் கூப்பிடுவதைத் தினமும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"மெயில் ஒண்டு போடுங்கோவன் மாமா."

"வேண்டாம் பிள்ளை. காத்தில வந்த பழக்கம். கம்பி ஏறினதும் நானே கூப்பிடுறன்."

ஒருநாள், "இஞ்ச ஓடி வா பிள்ளை, என்னைப் பற்றித்தான் கதைக்கினம்," என்றார். நானும் கேட்கட்டும் என்று ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டார். வீடெல்லாம் தெளிவாகக் கேட்டது. கொழும்புக் கிழவன் செத்திருப்பான் என்றார் ஒருவர். நல்லது, இனி நமக்கும் பேச இடம் கிடைக்கும் என்றார் அடுத்தவர். மூன்றாமவர் மாமாவின் ஆங்கிலத்தை அவரைப் போலவே பேசிக் காட்ட, மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனிதரா இவர்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா என் முகத்தைப் பார்க்காமல் வயரைத் திரும்பச் செருகினார்.

நான் போய்ச் செயலாளரோடு சண்டை பிடித்தேன், கம்பி ஏறியது. அன்று மாலை மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு காதை எனக்காக விலக்கிப் பிடித்தார். ஒருவர் பேசி முடித்த இடைவெளியில் பொத்தானை அழுத்தினார். ஒரு சொல்லும் பேசவில்லை. அழைப்புக்குறி மட்டும் போயிற்று.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் தடுமாறிக்கொண்டு மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. உனக்குக் கேட்டதா, எவ்வளவு நாளாகக் கேட்கிறாய் என்றது.

"வடிவாக் கேக்குது," என்றார் மாமா, என்னிடம். ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

போன மழைக்காலத்தில் மாமா காலமானார். சில மாலைகளில் அந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, அதே ரிசீவரைத் திறக்கிறேன். காதெல்லாம் கறுப்பாகிறது. அவர்கள் இன்னும் கூப்பிடுகிறார்கள். குரலில் இப்போது கெஞ்சல். கோபமா, சுகமா இருக்கிறாயா, ஒரு சொல் சொல்லு என்கிறார்கள். ஒரு மெயில் போட்டால் முடிந்துவிடும். போடமாட்டேன். அவர் செத்துவிட்டார் என்று முதலில் சொன்னது அவர்கள்தானே.